பித்தளைப் பூண்

பித்தளை அண்ணன் வீட்டு மாடியில் நான் குடியிருந்த காலத்தில், காலையில் என்னை எழுப்புவது கீழே அக்கா பூண்டு இடிக்கும் சத்தம்தான். அது சுவர் வழியாக ஏறி வந்து கட்டில் காலைத் தொடும். முகம் கழுவிக்கொண்டு இறங்கினால் ஒரு தம்ளர் காப்பியும், உரிப்பதற்குத் தட்டு நிறையப் பூண்டும் காத்திருக்கும். எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பேன். கடை திறக்கும்வரை அக்காவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டு ஊர் வம்பெல்லாம் பேசுவேன்.

வீட்டுக்காரம்மாவை அக்கா என்று கூப்பிட்டதால், முறைப்படி அவள் புருஷனை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். தெருவே அவரைப் பித்தளை அண்ணன் என்றதால் எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

"என்னை அக்காங்கற, அவரை அண்ணங்கற. உன் கணக்குப்படி நாங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்க. பல நாள் எனக்கும் அப்படித்தாண்டி தோணுது" என்பாள் அக்கா.

அக்கா பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சோறு, பருப்பு, ஒரு காய். அடுக்குப் பாத்திரங்களில் சூடு ஆறுவதற்குள் மூடி, துணி சுற்றிக் கூடையில் வைப்பாள். சமையலறையில் இரண்டு பெரிய அடுப்புகள். சுவரோரம் இரண்டு சிலிண்டர்கள். நடுவே தரையில் பதித்த மாதிரி ஒரு இரும்பு உரல். இஞ்சி, பூண்டு, மிளகு எதுவானாலும் அதில் இடித்துப் போட்டால்தான் அவளுக்குத் திருப்தி. மிக்சி வாங்கிக் கொடுத்தும் அது பரண் மேல் தூங்கியது.

அண்ணனுக்குத் தெருமுனையில் பிரிட்ஜ் ரிப்பேர் கடை. கை எந்நேரமும் இரும்புத்தூளும் எண்ணெயுமாக இருக்கும். ஆனால் அவருடைய உயிர் கடையில் இல்லை. வீட்டு முன்னறையில் இருந்தது. பித்தளையில் தட்டு, அண்டா, விளக்கு, எண்ணெய்ச் செம்பு. இரும்பில் வாணலி, கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி, உள்ளங்கையை மறைக்கும் பூட்டு. ஒரு அலமாரி முழுக்க மங்கிய வெள்ளி நிறத்தில் குவளைகளும் மூடிபோட்ட கிண்ணங்களும். அதை 'பியூட்டர்' என்று அவர் அழுத்திச் சொல்வார். எங்களுக்கு அது ஈயம். வந்தவர்கள் உட்கார ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதிலும் பாதி நாள் ஏதாவது சட்டி உட்கார்ந்திருக்கும்.

பழைய வீடு எங்கே இடிக்கிறார்கள், எந்தக் கடையில் இரும்பு மூட்டை பிரிக்கிறார்கள் என்று அவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு கிளம்பினால் ஏதாவது அகப்படாமல் திரும்ப மாட்டார். பின்கட்டில் உட்கார்ந்து அரை எலுமிச்சம்பழத்தைச் சாம்பலில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். பச்சை போய் மஞ்சள் வருகிறபோது அவர் முகமும் கூடவே பளிச்சிடும். தேய்த்து முடிப்பதற்குள் அந்தப் பொருளுக்கு ஒரு கதையும் தயாராகியிருக்கும். இது கப்பல் சமையல்காரன் வைத்திருந்தது. இது ஒரு பணக்கார வீட்டு மருமகள் கோபத்தில் கிணற்றில் எறிந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டால், "பொருளே சொல்லும்மா, காது கொடுத்தா போதும்" என்பார்.

அவர் கொண்டுவந்தவற்றில் முன்னறையைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்தது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் இடிப்பான். நீளம் முழங்கைக்குக் கொஞ்சம் குறைவு. கீழே உருண்டு தடித்து, மேலே கைக்கு அடக்கமாக ஒல்லியாகும் கனத்த இரும்பு. தடித்த முனையில் பித்தளையில் ஒரு மூடி இறுகப் பொருந்தியிருக்கும். "பழைய காலத்து மருந்துக் கடைக்காரங்க வேர் இடிக்க வச்சிருந்த குட்டி உலக்கை. பித்தளைப் பூண் போட்டிருக்கான் பாரு, அந்தக் காலத்து வேலை" என்று அண்ணன் அதைக் கொடுத்தாராம். பாப்பா, அவர்களுடைய ஒரே பெண், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் பார்க்கையில் அவள் வங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அந்த இடிப்பான் எண்ணெய் குடித்துக் குடித்துக் கரும்பளிங்கு போல ஆகியிருந்தது.

பாப்பா கூட வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அவருக்கு அம்மா இல்லை. அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "முதல்ல பெரியவங்க நாம பேசிக்கலாம்" என்று அவர் தனியாக வருவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாட்டு வேலை முடிந்த பிறகு வாருங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். மனிதர் காலையிலேயே வந்து நின்றுவிட்டார். எதற்கும் முன்னாலேயே போய் நிற்கிற பழக்கம் போலிருக்கிறது.

அன்றைக்குக் காற்றே இல்லை. மழை வரப்போகிற மாதிரி வானம் கவிழ்ந்திருந்தது, ஆனால் வரவில்லை. அண்ணன் கடைக்குப் போய்விட்டார், பாப்பா வங்கிக்குப் போய்விட்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவுக்கு ஒத்தாசையாக இருந்தேன். ராணுவக்காரரை முன்னறையின் ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்து, உள்ளே ஓட்டைத் தட்டு வைத்த ஒரு ஈயக் குவளையில் தண்ணீர் கொடுத்தேன். விருந்தாளிக்கு அதில்தான் கொடுக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்டளை. அந்த ஓட்டைத் தட்டு தண்ணீரை வடிகட்டுமாம். ராணுவக்காரர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் குடித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணே, சாப்பாடு போற நேரம். கொஞ்சம் இருங்க, அவருக்கு போன் பண்ணியிருக்கேன், வந்துடுவார்" என்று அக்கா உள்ளிருந்து சொன்னாள்.

"நீங்க வேலையைப் பாருங்க தங்கச்சி. எனக்கு ஒரு மாத்திரை போடணும், வெந்நீர் கிடைச்சா போதும்" என்றபடி அவரே எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தார். ஒரு காலை லேசாகச் சாய்த்து நடப்பவர்.

அக்கா உரலுக்கு முன்னால் முழங்கால் மடித்து உட்கார்ந்து இடித்துக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் ஊற்றிக்கொண்டு திரும்பினேன். அவர் தம்ளருக்குக் கை நீட்டவில்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இடிக்கறதை நிறுத்துங்க."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சத்தம் அவருக்குத் தலைவலிக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். "இதோ ஆச்சு அண்ணே, இன்னும் ரெண்டே இடி" என்று கையை ஓங்கினாள். அவர் அந்தக் காலோடு எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குனிந்து உரலின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"என்ன அண்ணே பண்றீங்க, கை நசுங்கிடும்."

"நசுங்கினா பரவாயில்ல. தூக்கின கையை அப்படியே வச்சிருங்க. கீழ வைக்காதீங்க, போடாதீங்க." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அம்மா, அந்தக் கொடியில இருக்கற போர்வையை மடிச்சுக் கொண்டு வாங்க."

நான் கொண்டுவந்து தரையில் விரித்தேன்.

"இப்ப அதை இது மேல படுக்க வைங்க. தூங்கற பிள்ளையைப் படுக்க வைக்கற மாதிரி."

அக்கா படுக்க வைத்தாள். பித்தளை முனையில் பூண்டுச் சக்கை ஒட்டியிருந்தது. பழக்கத்தில் அதை விரலால் வழிக்கப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னது அண்ணே இது?"

"சொல்றேன். முதல்ல அடுப்பை அணைங்க. சிலிண்டரை மூடுங்க. வீட்ல வேற யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"வாங்க வெளிய. செருப்பெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்."

வெறுங்காலோடு தெருவில் எதிர்ச்சாரிக் கடைசிவரை நடக்க வைத்த பிறகுதான் சொன்னார். "அது உலக்கை இல்ல தங்கச்சி. குண்டு. சின்ன குழாய்ல போட்டு மேல பார்த்துச் சுடுவோம். பின்னால இருக்க வேண்டிய இறக்கை உடைஞ்சு போயிருக்கு, அதான் உங்களுக்குப் பிடி மாதிரி ஆயிடுச்சு. நான் சர்வீஸ்ல இருந்த காலம் பூரா கையில வச்சிருந்த சாமான். இருட்டுல தடவினாலும் தெரியும்."

அக்கா சிரித்தாள். "நான் பூண்டு இடிக்கறது அண்ணே அது" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அப்புறம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் போனில் யாரிடமோ பேசினார். போலீஸ் வண்டி வந்தது, கயிறு கட்டினார்கள். தெருவைக் காலி செய்யச் சொன்னார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் ஊசிக்கடியில் இருந்த சட்டையை விட்டு வரமாட்டேன் என்று தையல் மிஷினோடு மல்லுக்கு நின்றார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத் தலையோடு வந்து நின்றார்கள். "அந்தம்மா சாப்பாட்டுல காரம் கொஞ்சம் தூக்கல்னு நான் அப்பவே சொன்னேன்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்த வேகத்தில் நின்றும் போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கதவைத் திறந்து போட்டபடி தனியாக நின்றது.

யார் வீட்டிலோ பிரிட்ஜ் பார்க்கப் போயிருந்த அண்ணன் சைக்கிளில் வந்தார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ராணுவக்காரர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

"தப்பா சொல்றீங்க. அது மருந்துக் கடை உலக்கை. நான் பார்த்துப் பார்த்து எடுத்தது. உங்களுக்கு எதைப் பார்த்தாலும் குண்டா தெரியும், அது உங்க தொழில்" என்றார். வரப்போகிற சம்பந்தியிடம் பேசும் முதல் பேச்சு அது.

"நான் தப்பா இருந்தா சந்தோஷம்தாங்க. அவங்க வந்து பார்க்கட்டும்."

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு?" என்று முணுமுணுத்தபடி அவர் கூட்டத்துக்குப் பின்னால் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் முன்வரிசை தானாகப் பின்னால் நகர்ந்தது. பின்சந்து வழியாக வீட்டுக்குள் போய், முன்வாசல் வழியாக அண்ணன் வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் அது. ஒல்லியான பக்கத்தைப் பிடித்து, குடை கொண்டு வருகிற மாதிரி வீசி நடந்து வந்தார்.

அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதானே? இதுவா குண்டு?" என்று கேட்டபடி அண்ணன் கயிற்றருகே வந்தார். "குண்டா இருந்தா இத்தனை வருஷம் சும்மா இருக்குமா? இதோ, உங்க எதிர்லயே தட்டிக் காட்டறேன்." பக்கத்தில் தையற்காரர் வீட்டுச் சுற்றுச்சுவர். அதை நோக்கிக் கையை உயர்த்தினார்.

போலீஸ்காரர்கள் அசையாமல் நின்றார்கள். ராணுவக்காரர் மட்டும் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். அவசரமே இல்லாமல், பேப்பர் வாங்கப் போகிறவர் மாதிரி.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்" என்றார். "எனக்கும் வயசாச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல. அந்தப் பித்தளை வேலையை நான் சரியாப் பார்க்கல. சுவத்துல தட்டினா பித்தளை நசுங்கிடாதா?"

அண்ணன் தயங்கினார். பித்தளை நசுங்கும் என்றதும் கை தானாக இறங்கியது.

"மார்போட அணைச்சுப் பிடிங்க. அப்படித்தான். என்னன்னு சொன்னீங்க, மருந்துக் கடையா?"

"ஆமா. வேர் இடிக்கறது."

"எந்த ஊர் வேலையா இருக்கும்?"

அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ராணுவக்காரர் ம், ம் என்று கேட்டபடி கூடவே நடந்தார். தெருக்கோடியில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்தது. பேச்சுக் கொடுத்தபடியே அங்கே கூட்டிப்போனார். கூட்டம் அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. அண்ணனின் நெற்றி வியர்வை தாடை வழியாக வழிந்து அந்தக் கறுப்பு இரும்பின் மேல் சொட்டியது. கைமாற்றிப் பிடிக்கப் போனபோது அது வழுக்கிக் கொஞ்சம் இறங்கியது. இருவர் கைகளும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தன. அந்த ஒரு கணத்தில்தான் அண்ணன் எதிரே இருப்பவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. இருவரும் முழங்காலிட்டு மணலில் பள்ளம் பறித்து அதைக் கிடத்தினார்கள். எழுந்திருக்க முடியாமல் அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். ராணுவக்காரர்தான் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வெடிகுண்டுப் பிரிவில் இருந்து வந்த அதிகாரி ஒரு பெண். குனிந்து பார்த்துவிட்டு வந்தவள் தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"முன்பக்கத்துல பத்தவைக்கற பாகம் இல்ல, அந்த இடத்தைப் பித்தளையால அடைச்சிருக்காங்க. அதனாலதான் நாம இங்க நின்னு பேசறோம். உள்ள மருந்து முழுசா இருக்கற மாதிரிதான் தெரியுது. இதை என்னவா உபயோகிச்சீங்க?"

"பூண்டு இடிக்க" என்றாள் அக்கா.

பின்னால் நின்ற காவலர் ஒருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரொம்ப ஓங்கி இடிச்சிருக்கீங்களா?"

"இல்ல. மெதுவாத்தான்."

"சூடு காட்டியிருக்கீங்களா எப்பவாவது?"

அக்கா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். "துரு எடுக்கறதுக்கு" என்றார். "எண்ணெய் தடவி அடுப்புத் தீயில காட்டினேன். வாணலிக்குச் செய்யற மாதிரி. கறுப்பு நல்லாப் பிடிக்கணும்னு... ஒரு நாலஞ்சு தடவை."

அதிகாரி போலீஸ் வண்டியின் படியில் உட்கார்ந்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "சரி" என்றாள் கடைசியில்.

மணல் நிரப்பிய பெட்டியில் அதை வைத்து ஊருக்கு வெளியே கல்குவாரிக்குக் கொண்டுபோனார்கள். எங்களைத் தெருவிலேயே காத்திருக்கச் சொன்னார்கள். பாப்பா வங்கியில் இருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாடு வராத அலுவலகங்களில் இருந்து அக்காவுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. "இன்னைக்கு இல்லீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். காரணம் சொன்னால் யார் நம்புவார்கள்?

சத்தம் வந்தபோது நான் நினைத்த மாதிரி இல்லை. பெரிய கதவு ஒன்றை யாரோ தூரத்தில் அறைந்து சாத்தியது போல ஒரு அதிர்வு, காலுக்கடியில். குவாரிப் பக்கம் இருந்து பறவைகள் கூட்டமாக எழும்பின. அப்புறம் மேகத்தோடு மேகமாக ஒரு கறுப்புப் புகை.

"உயிரோடதான் இருந்திருக்கு" என்றார் ராணுவக்காரர்.



வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் முன்னறைச் சாமான் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்றாள் அதிகாரி. ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்து வந்து வைத்தார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் படாத அந்த மங்கல் வெளிச்சத்தில் அண்ணனின் சேகரிப்பு இரும்புக் கடைக் குவியல் மாதிரிதான் இருந்தது.

"இது என்ன?" என்று ஒரு இரும்புச் சம்புடத்தைக் காட்டினாள்.

"இது ஒரு கப்பல் சமையல்காரன்..." என்று தொடங்கினார் அண்ணன். நிறுத்தினார். அவர் கதையைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. "தெரியாது மேடம்" என்றார். "இரும்பு."

"இது?"

"தெரியாது. பித்தளை."

ஈய அலமாரிக் குவளைகள் வந்தன. ஓட்டைத் தட்டு வைத்த குவளையை ராணுவக்காரர் கையில் எடுத்து ஓரமாக வைத்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "எங்க அதிகாரி ஒருத்தர் இதே மாதிரி வச்சிருந்தார். சோப்பு அந்தத் தட்டுல, வெந்நீர் கீழ. சவரம் பண்ணிக்கற குவளை" என்றார். காலையில் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்தும் குடித்திருக்கிறார்.

"பொண்ணு கேட்டு வந்த வீடு. முதல் தண்ணியை எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றார்.

அவர் சம்பந்தத்தை முறித்துக்கொள்வார் என்று பாப்பா அழுதாள். அவர் மறுநாளே போன் செய்து அக்காவிடம் சொன்னது வேறு. "குண்டோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின அம்மாவோட பொண்ணு. என் பையனைச் சமாளிக்கறது அவளுக்கு ஒரு விஷயமே இல்ல. தேதி பார்க்கலாம் தங்கச்சி." அக்கா சரி என்றாள். போனை வைத்த பிறகும் அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

குண்டு போன பிறகுதான் வீட்டில் பயம் வந்தது. அதை வைத்து என்னவெல்லாம் செய்தோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, வேண்டாத நேரத்தில், சோறு பிசைகிறபோது. பாப்பா வீட்டுப்பாடம் எழுதும்போது மேசைக்கடியில் அதைக் காலால் உருட்டிக்கொண்டே எழுதுவாளாம். கொட்டை உடைத்திருக்கிறார்கள். காலண்டருக்கு ஆணி அடித்திருக்கிறார்கள். என் அறையில் கண்ணாடி மாட்ட நானே அதை வாங்கிப்போய், பித்தளை முனையால் சுவரில் ஆணி அடித்திருக்கிறேன். ஆணி வளைந்துபோக, இரண்டாவது ஆணியும் அடித்தேன். இது நினைவுக்கு வந்த அன்று கடையில் ஒரு வில்லையைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கிவிட்டேன்.

அக்கா பரணில் இருந்து மிக்சியை இறக்கினாள். சமையல் நடந்தது, சாப்பாடு போனது. ஆனால் யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் அவள் கையில் இருப்பது கீழே விழும். அண்ணன் எங்கேயும் சாக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. முன்னறைப் பக்கம் திரும்பாமல் நேராகக் கடை, கடை விட்டால் வீடு. வாசலில் வைத்த சாமான்களை நானும் பாப்பாவும்தான் அள்ளி உள்ளே போட்டோம். அவர் எலுமிச்சம்பழம் கேட்கவில்லை. பித்தளை மங்கத் தொடங்கியது.

ஒருநாள் காலை நான் கீழே இறங்கியபோது அண்ணன் கடைக்குப் போகாமல் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருந்ததை மேடை மேல் வைத்தார். மரத்தில் கடைந்த சின்ன உலக்கை.

"புதுசு" என்றார். "கடைஞ்சவன் எதிர்லயே நின்னு வாங்கினேன். முழுக்க மரம். உள்ள ஒண்ணும் கிடையாது."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். கனம் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

"எனக்கு வேண்டாங்க."

"மிக்சியில ருசி இல்லன்னு சொல்லுவியே."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. வழக்கம்போல் பூண்டு உரிக்க உட்கார்ந்திருந்த நானும் தட்டை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தேன். "அந்தப் போலீஸம்மா கேட்டாங்கல்ல, ஓங்கி இடிச்சிருக்கீங்களான்னு. இல்லைன்னேன். பொய்."

அண்ணன் அவளைப் பார்த்தார்.

"எனக்குச் சத்தம் போட்டுச் சண்டை போட வராது. உங்களுக்கே தெரியும். உங்க மேல கோபம் வந்தா பூண்டு இடிப்பேன். பூண்டு தீர்ந்தா மிளகு. அதுவும் இல்லன்னா வெறும் உரலை இடிப்பேன், கை மரத்துப் போற வரைக்கும். ஒவ்வொரு இடியும் உங்க தலையில விழறதா நினைச்சுக்குவேன். பாப்பா பக்கத்துல உக்காந்து எழுதிட்டு இருப்பா." அரிசிப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளினாள். "வெடிச்சிருந்தா அவளைக் கொன்னது யாரு? நான்தானே. தினம் அதையே நினைக்கறேன். கரண்டியைப் பிடிக்கவே பயமா இருக்கு."

கொண்டுவந்து கொடுத்தவன் நான் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியாத ஒன்றைக் கேட்டார்.

"என் மேல என்ன கோபம்?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்கிறாரா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"எங்கப்பா செத்த அன்னைக்கு" என்றாள்.

"அன்னைக்கு வண்டி கிடைக்கல. நான் சொன்னேனே."

"சொன்னீங்க. கூடத்துல அப்பாவைக் கிடத்தியிருக்கு. நீங்க சாக்கு மூட்டையோட வர்றீங்க, எல்லாரும் எடுக்கறதுக்குத் தயாரா நிக்கறப்ப. மூட்டையைச் சுவரோரமா வச்சீங்க. டங்குன்னு ஒரு சத்தம். அழுதுட்டு இருந்தவங்கல்லாம் நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தாங்க. மாமா என்னக்கா கொண்டுவந்திருக்கார்னு என் தம்பி கேட்டான். கடைச் சாமான்டான்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து அன்னைக்கு இடிச்ச இடிதான். உரல் ஓரம் தெறிச்சிருக்கு பாருங்க."

அண்ணன் உரலைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி முன்னறையைப் பார்த்தார்.

"கூஜா" என்றார் மெதுவாக. "மூக்கு வளைஞ்ச பித்தளைக் கூஜா."

அந்தக் கூஜா கிடைத்த கதை எனக்குத் தெரியும். வருகிற எல்லாருக்கும் தெரியும். கொட்டுகிற மழை. வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிற ஒரு கிழவியம்மா. இன்னொருவனும் அதே கூஜாவுக்கு வந்து நிற்கிறான். யார் முதலில் நகர்கிறார்கள் என்று இருவரும் ஒரு கூரைக்கடியில் அரைநாள் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். கடைசியில் அவன் போய்விடுகிறான். அண்ணன் அவன் மாதிரியே தோளைக் குறுக்கி நடந்து காட்டுவார். அக்காவை வைத்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறார். அவளும் காப்பி ஆற்றியபடி கேட்டிருக்கிறாள். அந்தக் கதையில் சாவு எதுவும் வந்ததே இல்லை.

"அன்னைக்கா அது?" என்றார்.

"அன்னைக்குத்தான்."

"மழை பெஞ்சுது. அது ஞாபகம் இருக்கு."

"ஆமா. அப்பாவைத் தூக்கிட்டுப் போறப்பவும் பெஞ்சுது."

அண்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டார். அன்று மணலில் உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட அவர் முகம் மோசமாக இருந்தது. அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தள்ளியது. யாரும் எழுந்து போய்க் குறைக்கவில்லை.

"வேற என்னைக்கெல்லாம் ஓங்கி இடிச்ச?" என்று கேட்டார்.

அக்கா அடுப்பை அணைத்தாள். மூலையில் கிடந்த முக்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க" என்றாள். "நிறைய இருக்கு."

நான் பூண்டுத் தட்டை மேடையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அன்றைக்கு எந்த அலுவலகத்துக்கும் சாப்பாடு போகவில்லை.